தாஜ்மகாலில் அவர் சொன்னது

கவுஞ்சி,
8.2.2026.

மதிப்பிற்குரிய மாயக்காள் அக்காவுக்கு,

கவுஞ்சியிலிருந்து தமயந்தி வணக்கம் சொல்லி எழுதுவது. சாயல்குடியில் நீங்களும் உங்கள் தம்பி குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் மூவரும் சுகம்.

எந்தத் தமயந்தி என்று யோசிப்பீர்கள். எங்கள் ஊரில் நீங்கள் கிராம நர்ஸாக இருந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்திருக்கிறீர்கள். நான் மேலத்தெரு தண்டாயுதபாணியின் வீட்டுக்காரி. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம், உருளைக்கிழங்கு லாரியில் ஒருத்தியைப் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனீர்களே, அது நான்தான். இப்போது தெரிந்திருக்கும்.

உங்கள் விலாசமும் போன் நம்பரும் சேர்ந்தேதான் கிடைத்தன. இரண்டு தடவை நம்பரை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் கட் பண்ணிவிட்டேன். போனில் பேசினால் "அதெல்லாம் பழைய கதை, விடு தாயி" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எனக்கும் அதற்கு மேல் வாய் வராது. கடிதம் என்றால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிடலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. இந்த ஊர் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கலாம். ஆனாலும் கேட்க ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன். பூண்டு இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் பிடுங்கலாம். காட்டுமாட்டுத் தொல்லைதான் தாங்க முடியவில்லை. போன மாதம் எட்டு மாடுகள் கீழ்த்தோட்டத்தில் இறங்கி கேரட்டை மிதித்துப் போட்டுவிட்டன. நீங்கள் குடியிருந்த சப் சென்டரை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நீங்கள் வைத்த பேரி மரத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை. நன்றாகக் காய்க்கிறது. பூம்பாறை வரை ரோடு அகலமாகிவிட்டது. 108 வண்டி வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம் வரும்.

என் மகள் பெயர் காவ்யா. உங்கள் கையில் விழுந்த பிள்ளைதான். பன்னிரண்டாவது முடித்ததும் ஓட்டப்பந்தயம், உயரம், எழுத்துப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் சேர்ந்துவிட்டாள். இப்போது ஆக்ராவில் இருக்கிறாள். தாஜ்மகாலுக்குள் போகிற பெண்களைச் சோதித்து உள்ளே விடுகிற வேலை. "உலகமே என் முன்னால வந்து கையத் தூக்கிக்கிட்டு நிக்குதும்மா. நீங்க ரெண்டு பேரு மட்டும்தான் வரல" என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவள் அப்பாவுக்குப் போக மனசே இல்லை. "சமாதியப் பாக்குறதுக்கு ரெண்டு நாளு ரயில்ல போகணுமா? பூண்டுக்குத் தண்ணி விடுற சோலி கெடக்கு" என்றார். அவள் கேட்காமல் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள். தண்ணீர் விடுகிற வேலையை அவருடைய தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் ரயில் ஏறினோம். அவர் வழியெல்லாம் ஜன்னலில் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். இங்கே சிவப்பு, அங்கே கறுப்பு, இதில் உளுந்து வரும், இதில் ஒன்றும் வராது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தாஜ்மகாலுக்குப் போன அன்று காவ்யாவுக்குக் காலை டியூட்டி. அவளுடன் தங்கியிருந்த பெண் எங்களைக் கிழக்கு வாசலில் கொண்டுவந்து விட்டாள். பெண்கள் வரிசையில் நான் நகர்ந்து நகர்ந்து போனால், எதிரில் காக்கி உடுப்பில் என் மகள். சிரிக்கவே இல்லை. மற்றவர்களைப் போலவே என்னையும் கையைத் தூக்கச் சொன்னாள். இடுப்பைத் தடவிப் பார்த்து, மெதுவாக, "அம்மா, வெத்தலப் பைய எடுத்து அந்தக் கூடையில போடு" என்றாள். பெற்ற தாயின் வெற்றிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுத்த ஆளை வா என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. நின்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், போய்விட்டேன்.

உள்ளே போனால் ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு பனி. சிவப்புக் கல்லால் கட்டிய பெரிய வாசல் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டினால் தாஜ்மகால் தெரியும் என்றார்கள். தாண்டினோம். வெறும் வெள்ளை. எங்களைச் சுற்றி நின்ற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் முகம் வாடி நின்றார்கள். அவர் மட்டும் சிரித்தார். "இந்தப் பனியப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம வாசல்லயே கெடக்கே" என்றார். பனியின் குணம் நமக்குத் தெரியும்தானே. நடுவில் இருந்த கல் மேடையில் உட்கார்ந்து காத்திருந்தோம்.

பதினொரு மணி இருக்கும். முதலில் மேலே கும்ப முனை தெரிந்தது. பிறகு உருண்டையின் தோள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நான்கு தூணும் சுவரும் வாசலும் வந்து நின்றன. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை அக்கா. அவ்வளவு பெரிய கட்டிடம், பூமியில் பாரமே இல்லாமல் வைத்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண் அழுதாள். நான் அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

ஒரு மணிக்கு டியூட்டி முடித்து, சுடிதார் மாற்றிக்கொண்டு காவ்யா வந்தாள். அங்கே வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். செருப்புக்கு மேலே துணி உறை மாட்டிக்கொண்டு மேடை ஏறினோம். வாசலைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் எழுத்து பதித்திருக்கிறார்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்களாம், கீழே நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று. நான்கு தூண்களும் நேராக நிற்கவில்லை, ஒரு மயிரிழை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. பூமி அதிர்ந்தால்கூட சமாதி மேல் விழக்கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். சுவரில் பூவும் கொடியும் இருக்கின்றன. வரைந்தது என்று நினைத்தேன். எல்லாம் கல். செம்மணி, பச்சை, நீலம் என்று நகக்கண் அளவுக்கு அறுத்து, பளிங்கைக் குடைந்து உள்ளே பதித்திருக்கிறார்கள். ஒரு சின்னப் பூவில் மட்டும் நாற்பது துண்டுக்கு மேல் இருக்கும் என்றாள் காவ்யா.

எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கல் அடுக்கிக் கரை கட்டுவதில் கெட்டிக்காரர் என்று உங்களுக்குத் தெரியும். மழையில் சரிந்த கரைக்கெல்லாம் ஊர் அவரைத்தான் கூப்பிடும். அவர் பூவைப் பார்க்கவில்லை. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். "நகம் நொழையல தமயந்தி" என்று மூன்று தடவை சொன்னார். ஆற்று ஓரத்தில் இவ்வளவு பாரம் எப்படி நிற்கிறது என்று மகளிடம் கேட்டார். அடியில் வரிசையாகக் கிணறு தோண்டி, கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பி, அதன் மேல் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதும், கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கோயிலில் நிற்பது போல நின்றார்.

உள்ளே எட்டுப் பட்டை அறை. நடுவில் அந்த ராணியின் சமாதி. அதன் பக்கத்தில் ராஜாவின் சமாதி, கொஞ்சம் பெரியது. உண்மையான கல்லறை இரண்டும் இதற்குக் கீழே நிலவறையில் இருக்கின்றன, அங்கே விடுவதில்லை. சுற்றிலும் பளிங்கில் குடைந்த வலைத் தடுப்பு. இந்தக் கட்டிடம் முழுவதும் இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அதே அந்தப் பக்கமும் இருக்கும் என்று காவ்யா காட்டிக்கொண்டே வந்தாள். ராஜாவின் சமாதி ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரவில்லை. எல்லாம் ராணிக்காக அளந்து கட்டியது, இவர் பின்னால் வந்து சேர்ந்தவர் என்றாள்.

வெளியே வந்து, ஆற்றுப் பக்கம் மேடையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் சாதாரணமாகக் கேட்டார், "அந்தம்மாவுக்கு என்ன செஞ்சுச்சு? வயசாகிச் செத்துச்சா?"

"முப்பத்தெட்டு வயசுதாம்ப்பா. பதினாலாவது பிரசவம். ராசா சண்டைக்குப் போன எடத்துக்குக் கூடவே போயிருக்காங்க. முப்பது மணி நேரம் வலியாம். பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. பிள்ள பொழச்சுக்கிருச்சு. இவுங்களுக்கு ரத்தம் நிக்கல" என்றாள் காவ்யா.

அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருபத்தொன்பது வருஷமாக அவருடன் வாழ்கிறேன். என் மாமியார் செத்தபோதுகூட அவர் இப்படி அழுததில்லை.

"அந்த ராசாகிட்ட எம்புட்டு வைத்தியரு இருந்திருப்பாக. ஒருத்தருக்கும் நிறுத்தத் தெரியல" என்றார். "நம்ம நர்ஸம்மா ஒத்தக் கையால நிறுத்திக் குடுத்துச்சு. அதுக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா?"

அக்கா, அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை பிறந்தது. நீங்கள் "பொம்பளப் பிள்ள, உன் மூக்கு" என்று சொன்னது கேட்டது. பிறகு காலுக்குக் கீழே சூடாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. நீங்கள் வயிற்றைப் பிசைந்தீர்கள், ஊசி போட்டீர்கள். நிற்கவில்லை. அப்புறம் நீங்கள் கையை உள்ளே விட்டு முஷ்டியால் அழுத்தினீர்கள், இன்னொரு கையால் வயிற்றை மேலிருந்து அழுத்தினீர்கள். நான் கத்தினேன். ஊர் மந்தையில் ஞானவேல் அண்ணன் தன் லாரியில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார், பாதி மூட்டையை இறக்கச் சொல்லி நீங்கள் சத்தம் போட்டீர்கள். கட்டிலோடு தூக்கி லாரியில் வைத்தார்கள். நீங்கள் கையை எடுக்காமல் கூடவே ஏறினீர்கள். பூம்பாறை வளைவில் மழை பிடித்தது. "கண்ண மூடாத, கண்ண மூடாத" என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

நீங்கள் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியில் பிறந்து படித்து வந்தவர் என்பதால், எங்கள் தெருவில் உங்களை வாசலோடு நிறுத்தியவர்கள் உண்டு. என் மாமியாரும் அப்படித்தான். அன்றைக்கு மட்டும் யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் கேட்டால், நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்து கடலோரம் எங்கேயோ போய்விட்டது என்றார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே என்று எனக்கு மனத்தாங்கல். இத்தனை வருஷமும் அந்த மனத்தாங்கலோடுதான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று தாஜ்மகால் மேடையில்தான் மீதியைக் கேட்டேன். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

இரண்டரை மணி நேரம் நீங்கள் கையை எடுக்கவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் கையை மெல்ல வெளியே எடுத்தபோது விரல்கள் விரியவில்லையாம். ஓர் ஆயா வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாளாம். டாக்டர் அவரிடம், "இந்தம்மா நடுவுல கையெடுத்திருந்தா உன் சம்சாரம் பூம்பாறை தாண்டியிருக்காது. இவுகளக் கும்பிட்டுக்க" என்று சொன்னாராம். அதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் வேறு பேச்சு நடந்திருக்கிறது. ஒரே பெண்பிள்ளை, இனிமேல் பிள்ளை கிடையாது. இவருக்கு இன்னொரு பெண்ணைக் கட்டிவைக்க வேண்டும் என்று மாமியாரும், இவருடைய சித்தப்பா சின்னச்சாமியும் முடிவு செய்துவிட்டார்கள். பெண்கூடப் பார்த்துவிட்டார்கள். இவர் முடியாது என்றிருக்கிறார். அப்போது சித்தப்பா, "இந்தப் பிள்ள மேல குத்தமில்ல, அந்த நர்ஸு கைய விட்டுக் கெடுத்துருச்சுன்னு எழுதிக் குடு. ஊரு இவளப் பாவம்னு சொல்லும். நாங்களும் கலியாணப் பேச்ச விட்டுர்றோம்" என்றாராம். மனுவைச் சித்தப்பாவே எழுதினார். உங்கள் பிறப்பைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்ததாம். அதை நான் இங்கே எழுத மாட்டேன். மந்தையில் வைத்துப் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என் புருஷனுடையது. அந்த மனுவை வைத்துத்தான் உங்களைக் கடலோரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

"ஒன்னக் காப்பாத்துறதுக்கு அவுகளக் குடுத்துட்டேன்" என்றார்.

ஊரை விட்டுப் போகும் அன்று நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்களாம். நான் உள்ளே விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அவர் வாசலில் நின்று "தூங்குறா" என்று சொல்லிவிட்டார். நீங்கள் ஒன்றும் கேட்காமல், காவ்யாவுக்குத் தடுப்பூசி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனீர்களாம். எந்தெந்தத் தேதியில் எந்த ஊசி என்று ஒன்றரை வயசு வரைக்கும் அதில் எழுதியிருந்தது. நான் அந்தத் தேதி தவறாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். எழுதியது யார் என்று தெரியாமலே போனேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த காவ்யா கண் கலங்கவில்லை. உடுப்புப் போட்டுப் பழகிய பிள்ளை. "அவங்க உசுரோட இருக்காங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து கொஞ்ச தூரம் போய், எங்கள் ஊருக்கு இப்போது வருகிற நர்ஸ் இந்துவுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். இந்துதான் ஓய்வுபெற்ற நர்ஸுகளிடம் விசாரித்து உங்களைக் கண்டுபிடித்தது.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊரில் என்னை எல்லோரும் கொடுத்துவைத்தவள் என்பார்கள். இனிமேல் பிள்ளை கிடையாது என்று தெரிந்தும் இன்னொருத்தியை நினைக்காத புருஷன் என்பார்கள். நானும் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். எதைக் கொடுத்து அது கிடைத்தது என்று தெரிந்த பிறகு, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பி வரும்போது நாக்பூர் தாண்டும் வரை பேசவில்லை. டீ வாங்கி வைத்தார், ஆறிப்போனது. அப்புறம் நானே சொன்னேன்: "அழுதது போதும். மந்தையில போட்ட கையெழுத்த மந்தையிலயே வச்சு எடுங்க."

அவர் சரி என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குக் கூட்டத்தில் பேச வராது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் வெள்ளனே மந்தையில் கூடினார்கள். ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. அவரும் மாலை போட்டிருந்தார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று கேட்டு, படி மேல் ஏறி நின்றார். "நர்ஸம்மா மாயக்காள் மேல நான் குடுத்த மனு பொய்யி. டாக்டரு சொன்னத நான் மறைச்சுட்டேன். எம்பொண்டாட்டியும் பிள்ளையும் அவுக போட்ட உசுரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் வேர்த்துவிட்டது.

சின்னச்சாமி சித்தப்பாவுக்கு எண்பது வயசு. கம்பை ஊன்றி எழுந்து, "செத்துப்போன ஒங்க ஆத்தாள மந்தையில நிறுத்துறியால?" என்று கேட்டார். இவர், "ஆத்தாவுக்குத் தெரியாது சித்தப்பா, டாக்டரு சொன்னது எனக்குத்தான் தெரியும். குத்தம் என்னுது" என்றார். சித்தப்பா போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவர் போனதும் கூட்டத்தின் பின்னால் இருந்து ஞானவேல் அண்ணன் கையைத் தூக்கினார். "லாரிய ஓட்டுனது நானு. வளைவுல மூட்ட சரிஞ்சு அந்தம்மா முதுகுல விழுந்துச்சு. அப்பவும் கையெடுக்கல. அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

முதுகில் மூட்டை விழுந்தது எனக்கு அதுவரை தெரியாது அக்கா. இப்போது வலி இருக்கிறதா?

அன்றே ஒரு தாளில் எழுதி, பழைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஆறு பேரில் ஐந்து பேர் போட்டார்கள். புதிதாக முப்பத்தொரு பேர் போட்டார்கள், அநேகமாக எல்லோரும் நீங்கள் பிரசவம் பார்த்தவர்கள், இல்லையென்றால் உங்கள் கையில் பிறந்தவர்கள். அதை அவர் திண்டுக்கல் சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வளவு பழைய காகிதம் எதுவும் இங்கே இல்லை, இதை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்களாம். வாங்கிக்கொண்டதற்கு ரசீது மட்டும் வாங்கி வந்தார். அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இதனால் உங்களுக்கு ஒன்றும் திரும்பி வராது என்று தெரியும். மலையில் பிறந்த உங்களை உப்புக்காற்றில் கொண்டுபோய் விட்டோம். அந்த வருஷங்களை யார் தர முடியும்?

எனக்கு நீங்கள் தந்த வருஷங்களைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும். காவ்யா தவழ்ந்ததைப் பார்த்தேன். கொடைக்கானல் மைதானத்தில் அவள் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்ததைப் பார்த்தேன். பயிற்சி முடிந்து அணிவகுப்பில் வந்தபோது, அத்தனை பேரில் எது என் பிள்ளை என்று தேடினேன். என் மாமியார் கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது குளிப்பாட்டி விட்டேன். அவர் சோறு ஊட்ட என்னைத்தான் கேட்பார். பூண்டு எத்தனை தடவை விளைந்தது, எத்தனை தடவை அழுகியது, இரண்டையும் பார்த்தேன். அந்த ராணிக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் பெற்ற கடைசிப் பிள்ளையின் முகத்தைச் சரியாகப் பார்த்தாளோ என்னவோ. அவ்வளவு அழகாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே அவள் இல்லாமல் போனதுதானே இருக்கிறது. நான் அதைப் பார்த்துவிட்டு, மகள் வாங்கிக்கொடுத்த பூசணி மிட்டாயைத் தின்றுகொண்டு வெளியே வந்தேன்.

கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீ போட்டுக் கொடுக்கிறேன். நேற்று அவர் சப் சென்டர் பேரி மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, பிரித்து மறுபடி அடுக்கினார்.

காவ்யாவுக்குப் பங்குனிக் கடைசியில் லீவு கிடைக்கிறது. உங்களைப் பார்க்க சாயல்குடிக்கு வர வேண்டும் என்று இருக்கிறோம். நானும் அவளும் வருவது உறுதி. அவரை அழைத்து வரலாமா கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார், அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லையாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று காவ்யா கேட்டாள். நர்ஸம்மா என்று ஊர் கூப்பிடுகிறது, மேடம் என்றால் நன்றாக இல்லை என்றாள். நான் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் அக்கா. அந்தப் பிள்ளை உங்கள் வாசலில் நின்று அப்படிக் கூப்பிடும்போது, உங்கள் மனசுக்குச் சம்மதம் என்றால், உள்ளே இருந்தபடியே "என்னத்தா" என்று ஒரு குரல் கொடுங்கள். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
தமயந்தி